அருணா ராயும் மஸ்டர் ரோலும்

கேள்வி இதுதான்: "அருணா ராய் ஐ.ஏ.எஸ். வேலையை உதறியதும் தெரியும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவர் பெயர் அடிபடுவதும் தெரியும். நடுவில் முப்பது வருடம் என்ன செய்தார்? முன்னாள் அதிகாரி என்பதால்தான் அது கைகூடியதா?"

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: பாதி ஆம். ஆனால் பதவியில் கிடைத்த செல்வாக்கோ டெல்லித் தொடர்புகளோ பெரிய காரணம் என்று நான் நினைக்கவில்லை. அரசாங்கம் ஒரு ரூபாய் செலவழித்தால் அது எத்தனை காகிதங்களில் தடம் பதிக்கும், அவற்றில் எதைக் கேட்டால் குட்டு உடையும் என்பது உள்ளே இருந்தவருக்குத் தெரியும். எந்த இடத்தில் பொய் எழுதியிருக்கிறது என்பது வெயிலில் மண் வெட்டியவர்களுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்த இடம் ராஜஸ்தான். அங்கே போக அவருக்குப் பல வருடம் பிடித்தது.

1946இல் சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது டெல்லியில், நடுவில் சிறிது காலம் கலாக்ஷேத்ராவில். டெல்லி பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து, இந்திரபிரஸ்தா கல்லூரியில் கொஞ்ச நாள் பாடம் நடத்திவிட்டு, 1968இல் ஐ.ஏ.எஸ். ஆனார். யூனியன் பிரதேசப் பிரிவு என்பதால் புதுச்சேரி, பிறகு டெல்லி. 1970களின் நடுவில் ராஜினாமா. ஊடகங்களுக்குப் பிடித்த கட்டம் இந்த ராஜினாமாதான்; அவர் வாழ்க்கையில் அதைவிடச் சுவையான கட்டங்கள் பல உண்டு. விலகியதும் கணவர் பங்கர் ராய் 1972இல் அஜ்மீர் மாவட்டம் திலோனியாவில் தொடங்கியிருந்த சமூகப் பணி ஆய்வு மையத்தில் சேர்ந்தார். தண்ணீர், கைவினை, இரவுப் பள்ளி என்று ஒரு தொண்டு நிறுவனம் செய்யும் வேலைகள்தான் அங்கே.

திருப்பம் 1981இல். அந்த மையத்துக்குப் பக்கத்தில் ஹர்மாரா என்ற கிராமம். பஞ்ச நிவாரண வேலையாக மதன்கஞ்ச்–ஹர்மாரா சாலை போட்டார்கள். அப்போது குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 7 ரூபாய்; கையில் வந்தது அதைவிடக் குறைவு. நவுர்த்தி பாய் என்ற தலித் பெண்ணின் தலைமையில் பெண்கள் கூலி வாங்க மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சஞ்சித் ராய் எதிர் ராஜஸ்தான் மாநிலம், தீர்ப்பு 1983 ஜனவரி. (சஞ்சித் ராய் என்பது பங்கர் ராயின் இயற்பெயர்.) குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு, பஞ்ச நிவாரணம் என்ற பெயர் வைத்தாலும் அரசு அதைச் செய்யக் கூடாது என்றது நீதிமன்றம்.

அந்த வழக்கில் அரசு சொன்ன விளக்கத்தைக் கவனிக்க வேண்டும். தொழிலாளர்களை 20 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தோம். குழு செய்த வேலையை அளந்து, அளவுக்கு ஏற்பக் கூலி கொடுத்தோம். கூலி குறைந்தால் வேலை குறைந்தது என்று பொருள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். கணக்கை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கி வெட்டியது 15 பேர், பட்டியலில் இருப்பது 20 பெயர் என்றால், 15 பேரின் வேலையை இருபதால் வகுப்பார்கள். கூடுதல் 5 பெயரின் கூலி ஒருவர் பைக்குப் போகும், மிச்சமிருக்கும் 15 பேருக்கும் கூலி கால் பங்கு குறையும். போலிப் பெயர் அரசுக்கு மட்டும் நட்டம் என்று நினைப்பது தவறு. அது பக்கத்தில் மண் சுமப்பவரின் கூலியிலிருந்தும் திருடுகிறது. கிராமத்தில் கணக்குக் கேட்கும் கோபம் ஊழல் ஒழிப்புக் கொள்கையிலிருந்து வரவில்லை, இந்த வகுத்தல் கணக்கிலிருந்து வந்தது.

1983இல் திலோனியாவை விட்டு விலகினார். தொண்டு நிறுவனம் வேறு, மக்கள் அமைப்பு வேறு என்ற முடிவு. 1987இல் நிகில் டே, சங்கர் சிங், சங்கர் சிங்கின் குடும்பம் ஆகியோருடன் இன்றைய ராஜ்சமந்த் மாவட்டத்தின் தேவ்துங்ரி கிராமத்தில் ஒரு மண் வீட்டில் குடியேறினார். சங்கர் சிங் அந்தப் பகுதிக்காரர், பாட்டும் பொம்மலாட்டமும் கைவந்தவர். போராட்டத்தில் கூட்டத்தைக் கட்டிப்போட்டது பெரும்பாலும் அவர்தான். முதல் சண்டை சோஹன்கட் ஊரில் ஒரு நிலக்கிழார் வளைத்துப் போட்ட பொது நிலத்துக்காக. அடுத்தது கூலிக்காக. 1990 மே 1இல் பீம் ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், அதாவது உழைப்பாளர் விவசாயிகள் சக்தி அமைப்பு உருவானது. வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை. முழுநேர ஊழியருக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிதான் சம்பளம், அருணா ராய்க்கும் அதே. கூலிக்காகப் போராடும் அமைப்பு வேறு எந்தச் சம்பளம் வாங்கினாலும் அந்த ஊர்களில் பேச்சு எடுபட்டிருக்காது.

கூலி குறைகிறது என்று போய்க் கேட்டால் அதிகாரி சொல்வது ஒரே வாக்கியம்: "பதிவேட்டில் நீ வேலை செய்யவில்லை என்று இருக்கிறது." அந்தப் பதிவேட்டைக் காட்டு என்றால், அரசு ரகசியம், 1923ஆம் வருடத்து அலுவல் ரகசியச் சட்டம். கூலிப் போராட்டம் காகிதப் போராட்டமாக மாறியது இங்கேதான்.

அந்தக் காகிதங்கள் எவை என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மஸ்டர் ரோல்: வேலைத்தளத்தில் யார் எத்தனை நாள் வந்தார், எவ்வளவு வாங்கினார், கைநாட்டு. எம்-புத்தகம், அதாவது அளவுப் புத்தகம்: இளநிலைப் பொறியாளர் எழுதும் நீளம், அகலம், ஆழம். பில்லும் வவுச்சரும்: கல், மணல், சிமெண்டு, வண்டி வாடகை. கடைசியில் வேலை முடிந்த சான்று, பணப் பயன்பாட்டுச் சான்று. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒழுங்காகத்தான் இருக்கும். தணிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து காகிதத்தோடு காகிதத்தை ஒப்பிடுவார். எல்லாம் பொருந்தும், ஏனென்றால் எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் எழுதினார்கள். காகிதத்தை ஊரோடு ஒப்பிட்டால்தான் பிசகு தெரியும். மஸ்டர் ரோலில் செத்துப்போனவர் கூலி வாங்கியிருப்பார். வெளியூரில் பிழைக்கப் போனவர் அதே மாதம் இங்கே மண் வெட்டியிருப்பார். ஒரே பெயர் ஒரே தேதியில் இரண்டு தளத்தில் இருக்கும். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் பெயருக்கு நேரே கைநாட்டு இருக்கும். பில்லில் ஒரு வண்டி ஒரே நாளில் போகவே முடியாத அத்தனை நடை போயிருக்கும்.

முதல் ஜன் சுன்வாயி, மக்கள் விசாரணை, 1994 டிசம்பர் 2இல் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் நடந்தது. ஓர் இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரி பதிவேடுகளைப் பார்க்கவிட்டதால்தான் அது சாத்தியமானது. சட்டம் எதுவும் அப்போது இல்லை. 1995 ஏப்ரலுக்குள் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா என்று மேலும் நான்கு. பீம் ஊரில் ஊரறியாத ஒரு நிறுவனத்தின் பெயரில் சரக்கு வாங்கிய பில்கள் வெளிவந்தன.

மக்கள் விசாரணை என்றால் பந்தல் போட்டு ஆளாளுக்கு மைக்கில் பேசுவது என்று சிலர் நினைக்கிறார்கள். பந்தல் கடைசி நாள் வேலை. அதற்கு முன்னால் வாரக்கணக்கில் உழைப்பு இருக்கிறது. கிடைத்த காகிதங்களை முதலில் வேலை வாரியாகவும், பிறகு ஆள் வாரியாகவும் பிரித்து எழுத வேண்டும். அப்போதுதான் ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பது கண்ணில் படும். பிறகு வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்ட வேண்டும்: "உன் பெயரில் இந்தத் தேதியில் இவ்வளவு எடுத்திருக்கிறது, வாங்கினாயா?" சொன்னதை எழுதிக் கைநாட்டு வாங்க வேண்டும். தளத்துக்குப் போய் நாடா பிடித்து அளக்க வேண்டும். பிறகு தேதி குறித்து அதிகாரிகளையும் சர்பஞ்சையும் (ஊராட்சித் தலைவர்), குற்றம் சாட்டப்படுபவரையும் அழைக்க வேண்டும். அவர் பேச ஆசைப்பட்டால் மைக் கொடுத்தே ஆக வேண்டும். வெளியூரிலிருந்து பத்திரிகையாளர், வழக்கறிஞர், ஓய்வுபெற்ற அதிகாரிகள் நடுவர்போல உட்காருவார்கள்; ஆனால் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். இந்த விதியை மீறிய இடங்களில் விசாரணை கட்டப்பஞ்சாயத்து ஆகிவிடும்.

சறுக்குவது எங்கே என்றால், பெரும்பாலும் முந்தின இரவில். சாதிக்காரர், உறவுக்காரர் வழியாகச் சாட்சியிடம் சொல்லி அனுப்புவார்கள். சிலருக்குப் பாக்கிக் கூலியை ரகசியமாகக் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் அவர் மைக் முன்னால் "எல்லாம் சரியாக வாங்கிவிட்டேன்" என்பார். எழுதி வாங்கிய காகிதம் இல்லையென்றால் அங்கேயே முடிந்தது. அதிகாரிகள் பக்கமோ, "பதிவேடு தணிக்கைக்குப் போயிருக்கிறது" என்ற பழைய பாட்டு. ராஜஸ்தானில் கிராம சேவகர்கள் பதிவேடு தர மாட்டோம் என்று வேலைநிறுத்தமே செய்தார்கள். மக்கள் விசாரணைக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. மேடையில் நிரூபணமானாலும் வழக்குப் பதிவது காவல் நிலையத்தின் விருப்பம். ஆனாலும் 1998இல் நடந்த விசாரணைகளுக்குப் பிறகு சில சர்பஞ்சுகள் பணத்தைத் திருப்பிக் கட்டினார்கள். ஊர் முன்னால் கணக்கு வாசித்ததன் அழுத்தம் அது.

1995 ஏப்ரலில் அப்போதைய முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் வாக்குறுதி தந்தார்: உள்ளூர் வளர்ச்சிப் பணிகளின் ஆவணங்களைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். ஒரு வருடம் ஓடியது, ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6இல் பியாவர் நகரின் சாங் கேட்டில் தர்ணா தொடங்கி 40 நாள் நடந்தது. கிராமத்துக் குடும்பங்கள் தானியம் கொண்டுவந்தன, நகரத்துக் காய்கறிக் கடைக்காரர்கள் காய் கொடுத்தார்கள். நடுவில் அரசு ஓர் ஆணை போட்டது: பதிவேட்டைப் பார்க்கலாம், கையால் குறிப்பு எடுக்கலாம், ஜெராக்ஸ் கிடையாது. வெளியாருக்கு இது சின்னச் சண்டை போலத் தெரியும். கையால் எழுதிய குறிப்பை எந்த நீதிமன்றத்திலும் ஆதாரமாக வைக்க முடியாது; நூற்றுக்கணக்கான பெயர் கொண்ட மஸ்டர் ரோலை எழுத்துத் தெரியாதவர் எப்படிக் குறிப்பு எடுப்பார்? நகல் இல்லாத உரிமை வெறும் வேடிக்கை பார்க்கும் உரிமை. சண்டை நியாயமானதுதான்.

மறுவருடம் ஜெய்ப்பூரில் 53 நாள் தர்ணா. அதன் முடிவில் துணை முதல்வர் வாயிலிருந்து வந்த செய்தி: பஞ்சாயத்து ஆவணங்களுக்கு நகல் தரும் ஆணை ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வந்துவிட்டது! தெருவில் உட்கார்ந்தவர்களுக்கும் தெரியாது, பேச்சுவார்த்தைக்கு வந்த அதிகாரிகளுக்கும் தெரியாது. தகவல் உரிமை வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வாதத்தை எதிர்த்தரப்பால்தான் தர முடிந்தது.

அகில இந்திய அளவில் வேலை இணையாக நடந்தது. 1995 அக்டோபரில் முசௌரியில் ஐ.ஏ.எஸ். பயிற்சி அகாதமியிலேயே இதைப் பற்றிக் கூட்டம். அருணா ராய் பயிற்சி பெற்ற அதே இடம். 1996இல் மக்கள் தகவல் உரிமைக்கான தேசிய இயக்கம் உருவானது. நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான பிரஸ் கவுன்சில் முதல் வரைவைத் தயாரித்தது. இங்கே ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும்: நாட்டிலேயே முதலில் தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997இல். ஆனால் அதில் விலக்குகள் இருபதைத் தாண்டின. வாசலைக் கட்டிப் பூட்டுப் போட்டது போல. சட்டத்தின் பெயர் பிரச்சினை இல்லை, விலக்குகளும் தண்டனையும்தான் அதன் உயிர் என்பதற்கு அது உதாரணமாக நின்றது. மத்திய அரசின் 2002 தகவல் சுதந்திரச் சட்டத்திலும் அதே குறை. தகவல் தராத அதிகாரிக்கு அபராதம் இல்லை, சுதந்திரமான ஆணையம் இல்லை. கடைசிவரை அது நடைமுறைக்கே வரவில்லை.

2000இல் சமூகத் தலைமைக்கான மகசேசே விருது அருணா ராய்க்குக் கிடைத்தது. 2004இல் சோனியா காந்தி தலைமையிலான தேசிய ஆலோசனைக் குழுவில் உறுப்பினர். தேர்தலில் நிற்காதவர்கள் சட்டம் எழுதுவதா என்று இந்தக் குழு மீது வந்த விமர்சனத்தில் சத்து இருக்கிறது. அதே நேரம் 2005இன் இரண்டு பெரிய சட்டங்களும், தகவல் உரிமையும் ஊரக வேலை உறுதியும், அந்தக் குழு இல்லாமல் அந்த வடிவத்தில் வந்திருக்காது. 2004 டிசம்பரில் அரசு கொண்டுவந்த முதல் மசோதா மத்திய அரசு அலுவலகங்களை மட்டுமே தொட்டது. மஸ்டர் ரோல் இருப்பது மாநில அரசின் வட்டார அலுவலகத்தில்! நெருக்கடி கொடுத்து அதை மாற்றினார்கள். 2005 மே மாதம் நிறைவேறி, அக்டோபர் 12 முதல் அமலுக்கு வந்தது.

சட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் ராஜஸ்தான் மண் ஒட்டியிருப்பது தெரியும். பிரிவு 2(ஜே): ஆவணத்தைப் பார்ப்பது, சான்றிட்ட நகல் எடுப்பது, வேலைத்தளத்தை ஆய்வது, பொருள்களின் மாதிரி எடுப்பது. சிமெண்டில் மணல் எவ்வளவு என்று பார்க்கும் உரிமையை வேறு எந்த ஊர்ப் போராட்டம் கேட்டிருக்கும்? பிரிவு 7: 30 நாளில் பதில், உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்தது என்றால் 48 மணி நேரம். பிரிவு 20: தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சவரம்பு 25,000, அதிகாரியின் சொந்தப் பணத்திலிருந்து. பிரிவு 4: கேட்காமலே வெளியிட வேண்டிய விவரங்கள். 2005 வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆவது பிரிவு கொண்டுவந்த சமூகத் தணிக்கை, ஜன் சுன்வாயியின் அரசாங்க வடிவம். அரசே நடத்தும்போது சில இடங்களில் அது சடங்காகிவிட்டது. தணிக்கை செய்பவர் சம்பளத்தைத் தணிக்கைக்கு உள்ளாகும் துறையே தந்தால் வேறென்ன நடக்கும்?

2006இல் தேசிய ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். 2010இல் குழு மீண்டும் அமைந்தபோது திரும்பி வந்தார். 2013இல் மறுபடி வெளியேறியதற்கான காரணத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். வேலை உறுதிச் சட்டத்தின் 6(1) பிரிவு, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்ன சொன்னாலும் மத்திய அரசு தனியாகக் கூலி நிர்ணயிக்கலாம் என்றது. மாநிலக் குறைந்தபட்சக் கூலியைக் கொடுங்கள் என்று குழு பரிந்துரைத்தது. பிரதமர் அலுவலகம் ஏற்கவில்லை. பதவிக் காலத்தை நீட்டிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். ஹர்மாரா சாலையில் 7 ரூபாய்க்குத் தொடங்கிய அதே வழக்கு, முப்பது வருடம் கழித்து. என்னைக் கேட்டால், ஐ.ஏ.எஸ். ராஜினாமாவைவிட இந்த ராஜினாமாவைத்தான் சொல்லிக்காட்ட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊழலை விசாரிக்க லோக்பால் அமைப்பு வேண்டும் என்று எழுந்த 2011 கொதிப்பில் அண்ணா ஹசாரே தரப்போடு அவர் ஒத்துப்போகவில்லை. எல்லா அதிகாரத்தையும் ஒரே அமைப்பிடம் குவிக்காமல் பிரித்து வைக்க வேண்டும் என்றார். இந்திய மாதர் தேசிய சம்மேளனத்தின் தலைவராக இருந்தார். அரசுத் தகவல்களைக் கேட்காமலே வெளியிடும் ராஜஸ்தானின் 2019 ஜன் சூச்னா இணையதளத்துக்கும், செயலி வழித் தொழிலாளர்களுக்கான 2023 சட்டத்துக்கும் பின்னால் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதனின் உழைப்பு உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தன் ஊராட்சியில் கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம், வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்றால் இலவசம். மனுவை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "ஏன் சாலை மோசமாக இருக்கிறது" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தில் இல்லாத தகவலை உருவாக்கித் தர வேண்டிய கடமை அலுவலருக்கு இல்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலையின் பெயர், நிதியாண்டு, மஸ்டர் ரோல், எம்-புத்தகப் பக்கங்கள், பில், வவுச்சர் என்று காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். பலர் தோற்பது இந்தத் தேதிகளைத் தவறவிட்டுத்தான்.

இணையத்தில் எல்லாம் இருக்கிறதே என்று விட்டுவிடவும் முடியாது. நூறு நாள் வேலை செய்யும் இடத்தில் செல்பேசிச் செயலியில் புகைப்படம் எடுத்து வருகை பதியும் முறை வந்த பிறகு, படத்தைப் படம் எடுத்து ஏற்றும் வித்தையும் வந்துவிட்டது. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கையில் அதை ஒப்புக்கொண்டது.

இப்போதைய பெரிய முட்டுக்கட்டை வேறு. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவைத் திருத்தி எழுதுகிறது. முன்பு, பொதுப் பணிக்குச் சம்பந்தமில்லாத அந்தரங்க விவரத்துக்கு மட்டுமே விலக்கு. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற காப்பும் இருந்தது. திருத்தத்தில் "தனிநபர் தகவல்" என்றாலே விலக்கு. மஸ்டர் ரோலில் இருப்பதோ பெயர், ஊர், நாள், தொகை. ஒவ்வொரு வரியும் தனிநபர் தகவல்தான். அந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்தால், பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்று சொல்லும் 8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. மேல்முறையீட்டில் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பிரிவு 4இன் கீழ்ப் பயனாளிகள் விவரத்தைக் கேட்காமலே வெளியிட வேண்டிய கடமையையும் சேர்த்து எழுதுங்கள்.